வினாகிரிக்கு ஒன்று, உப்புநீருக்கு இன்னொன்று

கேள்வி: நானும் தம்பியும் சாவகச்சேரியில் கள்ளு வினாகிரி, உப்புநீரில் ஊறவைத்த தேசிக்காய், நெல்லி ரசம் மூன்றும் செய்து விற்கிறோம். இதுவரை நீலப் பிளாஸ்ரிக் பரல்களில் சமாளித்தோம். இப்போது வங்கிக் கடன் கிடைத்திருக்கிறது. வினாகிரிக்கு 5,000 லீற்றர், தேசிக்காய்க்கு 2,000 லீற்றர், நெல்லி ரசத்துக்கு 3,000 லீற்றர் கொள்ளும் தாங்கிகள் வேண்டும். ஒரு பட்டறைக்காரர் மூன்றையும் 304 வகை ஸ்ரெயின்லெஸில் செய்து தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார். கனடாவில் இருக்கும் அத்தான், ஸ்ரெயின்லெஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்கிறார். படகு கட்டும் ஒருவர் பைபர் கிளாஸில் பாதி விலைக்குச் செய்யலாம் என்கிறார். தம்பி, வீட்டுக் கூரையில் வைக்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியே போதும் என்கிறான். மூடிய ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் நாகமுலாம் பூசிய தாங்கியும் மலிவாக விலைக்கு வந்திருக்கிறது. எதை எடுப்பது? முற்பணத்தைக் கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முற்பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். மூன்று தாங்கிகளையும் 304 இல் செய்தால் வினாகிரித் தாங்கி பெரும்பாலும் தப்பும், நெல்லி ரசத் தாங்கி சந்தேகம், தேசிக்காய்த் தாங்கி நிச்சயமாக ஓட்டை விழும். பட்டறைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த தகடு அது. பால், தண்ணீர், சமையல் எண்ணெய் என்று வருகிற எல்லாருக்கும் அதில்தான் செய்து கொடுத்திருப்பார், அவை நன்றாகவே நின்றிருக்கும். உங்கள் மூன்று சரக்குகளும் பால் அல்ல. இரண்டில் அமிலம், ஒன்றில் அமிலத்தோடு உப்பு.

உங்கள் கடிதத்தில் தாங்கியின் கொள்ளளவும் தகட்டின் பெயரும் விலையும் இருந்தன. உள்ளே போவது எத்தனை சதவீத உப்பு, எவ்வளவு சூட்டில் ஊற்றுவீர்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர் சேரும், எதைக் கொண்டு கழுவுவீர்கள் என்பவை இல்லை. தாங்கி எதனால் செய்யப்பட வேண்டும் என்பதை இந்த நான்கும்தான் தீர்மானிக்கின்றன. விடுபட்டவற்றை உங்களைப் போன்ற உற்பத்தியாளர்களிடம் வழக்கமாகக் காண்பதை வைத்து ஊகித்து எழுதுகிறேன். உங்கள் கணக்கு வேறாக இருந்தால் முடிவும் மாறலாம்.

முதலில் அத்தானின் கண்ணை மூடும் யோசனை. ஸ்ரெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். காற்றுப் பட்டதும் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் ஒன்று உண்டாகிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கீறினால் தானாகவே மீண்டும் மூடிக்கொள்ளும். இந்தப் படலத்தின் எதிரி குளோரைட்டு, அதாவது உப்பில் இருக்கும் பாதி. அது படலத்தில் ஏதோ ஓர் இடத்தில் புகுந்து சிறு குழி ஒன்றைத் தொடங்கிவிட்டால், குழிக்குள் அமிலம் கூடும், அமிலம் கூடக் கூட இன்னும் குளோரைட்டு உள்ளே இழுக்கப்படும். அதற்குப் பிறகு அந்தக் குழி வெளியுதவி இல்லாமலே தன்னைத் தானே தோண்டிக்கொண்டு போகும். சுற்றியிருக்கும் தகடு புதிதுபோல் பளபளவென்றிருக்க, ஊசிமுனை அளவு துளையால் சரக்கு ஒழுகும். அதனால்தான், "2 மில்லிமீற்றருக்குப் பதிலாக 3 மில்லிமீற்றர் போட்டால் சரிதானே" என்று பலர் கேட்கும்போது நான் மறுக்கிறேன். சாதாரண இரும்பு மேற்பரப்பு முழுவதும் தேயும். அதற்குத் தடித்த தகடு ஆயுளைக் கூட்டும். குழி விழும் உலோகத்துக்குத் தடிப்புக் கூட்டுவது ஒழுக்கைச் சில மாதம் பிற்போடும், அவ்வளவுதான்.

எவ்வளவு குளோரைட்டு வரை தாங்கும்? சாதாரண வெப்பநிலையில், அமிலமில்லாத தண்ணீரில், 304 க்கு லீற்றருக்கு 200 மில்லிகிராம், அதைவிட உயர்ந்த 316 வகை ஸ்ரெயின்லெஸுக்கு 1,000 மில்லிகிராம் என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. வெப்பமும் அமிலமும் கூடினால் இந்த எல்லை இறங்கும். இரண்டுக்குமுள்ள முக்கிய வித்தியாசம் 316 இல் சேர்க்கப்படும் ஏறத்தாழ 2 சதவீத மொலிப்டினம். இனி உங்கள் தேசிக்காய் உப்புநீரைப் பாருங்கள். 15 சதவீத உப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு லீற்றரில் ஏறத்தாழ 1,00,000 மில்லிகிராம் குளோரைட்டு. கடல்நீரிலேயே 19,000 தான். அதோடு தேசிக்காயின் புளிப்பு வேறு. 304 மட்டுமல்ல, 316 ம் அங்கே நிற்காது. உப்பைத் தாங்கும் விலைகூடிய உலோகங்கள் உண்டு. 2,000 லீற்றர் ஊறுகாய்க்கு அவற்றை வாங்குவது கடன் தந்த வங்கிக்குத்தான் இலாபம்.

ஆகவே உப்புநீருக்குப் பிளாஸ்ரிக்தான். பொலித்தீன் உப்பையும் புளிப்பையும் பொருட்படுத்தாது. இந்த இடத்தில் தம்பி பாதி சரி. மீதிப் பாதியை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். கூரைத் தாங்கி தண்ணீரின் பாரத்துக்கென்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. 15 சதவீத உப்புநீர் தண்ணீரைவிட 11 சதவீதம் பாரம் கூடியது. செறிவு முற்றிய உப்புநீர் 20 சதவீதம் கூட. பொலித்தீன் ஒரே நாளில் வெடிக்காது. பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல இழுபட்டு, வயிறு தள்ளி, இரண்டு மூன்று கோடைகளுக்குப் பிறகு அடிப்பக்கத்தில் பிளக்கும். அதனால் இரசாயனங்களுக்கென்று செய்யப்படும், அடர்த்தி 1.5 வரை, அதாவது தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு பாரம் வரை, தாங்கும் என்று உற்பத்தியாளர் எழுத்தில் தரும் தடித்த சுவர்த் தாங்கியைக் கேளுங்கள். உணவு படத்தக்க புதிய மூலப்பொருளில் செய்யப்பட்டது என்ற கடிதமும் வேண்டும்; பழைய பிளாஸ்ரிக்கை உருக்கிச் செய்த தாங்கிகளும் கறுப்பாகத்தான் இருக்கும், பார்வையில் வித்தியாசம் தெரியாது.

வைப்பதிலும் கவனம் வேண்டும். அடி முழுவதும் சீமெந்து மேடையில் சமமாக அமர வேண்டும். நான்கு கல்லடுக்கி நடுவில் இடைவெளி விட்டு வைத்தால் அந்த இடைவெளிக்குள் அடி தொய்ந்து இறங்கும். தாங்கி நிரம்பும்போது சுவர் சற்று வெளியே தள்ளும், வெறுமையாகும்போது உள்ளே வரும். விறைப்பான குழாயை நேரே பொருத்தினால் பொருத்தும் இடத்தில் வெடிப்பு வரும். ஒரு முழ நீளத்துக்கு வளையும் குழாய் இடையில் இருக்கட்டும். வால்வு பித்தளையாக இருக்கக் கூடாது. வெயிலில் வைப்பதானால் கறுப்பு நிறமே நல்லது, அதிலுள்ள கரி புறஊதாக் கதிரைத் தடுக்கும். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் கறுப்புச் சுவர் சூடேறி இளகும், ஆதலால் மேலே ஒரு கூரையாவது போடுங்கள். இன்னொன்று: தேசிக்காய்த் தோலின் எண்ணெயைப் பொலித்தீன் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எத்தனை தரம் கழுவினாலும் அந்த வாசம் போகாது. அந்தத் தாங்கி ஆயுள் முழுக்கத் தேசிக்காய்க்கு மட்டும்தான்.

வினாகிரிக்கு உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. 4, 5 சதவீத அசற்றிக் அமிலம் சாதாரண வெப்பநிலையில் நல்ல பொலித்தீனுக்கும் ஒன்றும் செய்யாது, ஸ்ரெயின்லெஸுக்கும் தனியே நின்றால் பெரிதாக ஒன்றும் செய்யாது. சிக்கல் நம் தண்ணீரில். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் நிற்பது, அதன் அடியிலும் பக்கத்திலும் கடல். அதிகமாக இறைக்கும் கிணறுகளில் உவர் ஏறுகிறது. குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போதுதான் நாக்குக்கு உவர் தெரியத் தொடங்கும்; 304 இன் எல்லை அதற்கும் கீழே. "எங்கள் கிணறு நல்ல தண்ணீர்" என்று சொல்வது இந்தத் தகட்டுக்குப் போதுமான சான்று அல்ல. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலோ பல்கலைக்கழகத்திலோ குளோரைட்டை அளந்து பாருங்கள். மாரி மழை முடிந்த தை மாதத்தில் எடுத்த மாதிரி உங்களுக்கு இனிப்பான செய்திதான் சொல்லும். ஆவணி, புரட்டாதியில், மழைக்கு முன், கிணறு வற்றி நிற்கும்போது எடுங்கள். வினாகிரியில் சேர்க்கவும் தாங்கி கழுவவும் அந்தத் தண்ணீரைத்தானே பயன்படுத்துவீர்கள்?

அளவு நூற்றுக்கும் கீழே என்றால் 304 ஐ நான் எதிர்க்க மாட்டேன். 200 க்கு மேல் என்றால் 316எல். நடுவில் இருந்தால், கடற்காற்றையும் அமிலத்தையும் நினைத்து, நான் 316எல் பக்கமே சாய்வேன். எல் என்பது கரி குறைந்த வகை, அதிகபட்சம் 0.03 சதவீதம், ஒட்டுவேலையின் (வெல்டிங்) சூட்டில் ஒட்டுக்குப் பக்கத்தில் உள்ள உலோகம் பலவீனப்படாமல் இருக்க அது உதவுகிறது. பணம் நெருக்கினால் 5,000 லீற்றருக்கும் தடித்த பொலித்தீனையே வாங்கிவிடுங்கள். வினாகிரிக்கு அது குறைந்த தெரிவு அல்ல. பளபளப்புக் குறைவு, அவ்வளவே.

நெல்லி ரசத்துக்குத்தான் ஸ்ரெயின்லெஸ் உண்மையில் தேவை. ரசத்துக்கான சீனிப் பாகைச் சூடாக ஊற்றுவீர்கள் என்று நினைக்கிறேன். 80 பாகை செல்சியஸில் பொலித்தீன் தாங்கி உருக்குலைந்துவிடும். அதை 40 க்கு மேல் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. இரும்புக் கத்தியால் நெல்லிக்காய் வெட்டியவர்களுக்குக் கருமை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நெல்லியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்தில் எழுதும் மையே கடுக்காய்த் துவர்ப்பையும் இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்தார்கள். உள்ளே பூச்சுப் பூசிய சாதாரண இரும்புத் தாங்கியில் ஒரு மயிரிழைத் துளை இருந்தாலும் 3,000 லீற்றரின் நிறமும் போய்விடும். ஆகவே பூச்சுத் தாங்கி வேண்டாம்.

பட்டறைக்காரர் நிச்சயமாக யோசித்திராத விடயம் இனித்தான் வருகிறது. கெடாமல் இருக்க மெற்றாபைசல்பைற்று சேர்ப்பீர்களானால், புளிப்பான ரசத்தில் அதிலிருந்து கந்தகவீரொட்சைட்டு வாயு வெளியேறும். அது மேலே, ரசத்துக்கும் மூடிக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் தங்கி, மூடியின் உட்புறத்தில் வியர்க்கும் துளிகளில் கரைந்து, அந்தத் துளிகளைக் கடும் அமிலமாக்கும். வைன் ஆலைகளில் இது நன்கு தெரிந்த கதை: அடிப்பகுதியை 304 இலும், மேல் வளையத்தையும் கூரையையும் 316 இலும் செய்வார்கள். ரசம் தொடும் இடம் பளிச்சென்றிருக்கும், ரசம் தொடாத மூடியில் குழி விழும். உங்கள் 3,000 லீற்றர்த் தாங்கி சிறியது, இரண்டு வகைத் தகட்டை ஒட்டி மினக்கெட வேண்டாம். முழுவதையும் 316எல் இல் செய்யுங்கள். காப்புப்பொருளைத் தாங்கியில் சேர்க்காமல் போத்தலில் அடைக்கும் நேரத்தில் சேர்க்க முடியுமானால் 304 க்கும் வாழ்வு உண்டு. கால்களைப் பலமாகப் போடச் சொல்லுங்கள். சீனி முற்றிய பாகு தண்ணீரைவிட ஏறத்தாழ 30 சதவீதம் பாரம் கூடியது, நிரம்பிய தாங்கி ஏறத்தாழ 4 தொன் இருக்கும்.

பைபர் கிளாஸைப் பற்றி. குருநகரிலும் மயிலிட்டியிலும் கடலில் ஓடும் படகுகளைப் பார்த்தவர் யாரும் அந்தப் பொருளின் உறுதியைக் குறை சொல்ல மாட்டார்கள். நல்ல பிசினில் செய்தால் உப்புநீருக்கு அதைவிடச் சிறந்தது குறைவு. பெரிய இரசாயனத் தொழிற்சாலைகள் உப்புநீரையும் ஐதரோகுளோரிக் அமிலத்தையும் அதில்தான் வைக்கின்றன. ஆனால் படகுக்குப் பாவிப்பது பெரும்பாலும் சாதாரண பொலியெஸ்ரர்ப் பிசின். அமிலத்துக்கு வைனைல் எஸ்ரர்ப் பிசின் வேண்டும். உட்புறத்தில் கண்ணாடியிழை வெளியே தெரியாதபடி பிசின் மிகுந்த ஒரு தடுப்படுக்கு, 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை, வேண்டும். பிறகு சூட்டில் வைத்து முற்ற இறுக விட வேண்டும். அரைகுறையாக இறுகிய பிசினிலிருந்து ஸ்ரைரீன் என்ற இரசாயனம் கசியும். புதுப் படகுக்குள் தலையை விட்டால் வரும் அந்த மணம்தான். உங்கள் தேசிக்காயில் அந்த மணம் ஏறினால் யாரும் இரண்டாம் போத்தல் வாங்க மாட்டார்கள். படகு கட்டுபவர் இந்தப் பிசினின் பெயரையே கேட்டிராவிட்டால், அவருடைய கைத்திறனை மெச்சிவிட்டு விலகிவிடுங்கள். கேட்டிருந்தால், செய்து முடித்த உட்சுவரில் அசற்றோன் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் இன்னும் இறுகவில்லை.

ஐஸ் தொழிற்சாலைத் தாங்கியைத் தொட வேண்டாம். முலாமிலுள்ள நாகம், அதாவது துத்தநாகம், வினாகிரியில் கரைந்து நாக அசற்றேற்றாகும். குடித்தவருக்கு வாந்தியும் வயிற்று நோவும் வரும், பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். மழைநீர் சேர்க்க வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். செப்பும் பித்தளையும் அப்படியே, ஒரு சின்ன வால்வாக இருந்தாலும். சீமெந்துத் தொட்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை. அயலில் யாராவது சொல்வார்கள் என்பதால் சொல்கிறேன். நம் சுண்ணக்கல்லில் வினாகிரியை ஊற்றிப் பாருங்கள், நுரைக்கும். சீமெந்தும் சுண்ணாம்பின் பிள்ளைதான்.

மரப் பீப்பாக்களைப் பற்றிய ஆசை எனக்கே உண்டு. இந்த நாட்டில் சாராயம் முதிர வைக்கும் சவண்டலை மரத்தில் வினாகிரி அழகாக முதிரும். ஆனால் 5,000 லீற்றருக்குப் பீப்பாக்காரர் ஒருவரை இன்று தேடிப் பிடிப்பது தனித் தொழில்.

இனி ஒட்டுவேலை. நல்ல தகட்டைக் கெட்ட ஒட்டால் பாழாக்குவது மிக எளிது. ஸ்ரெயின்லெஸ் தாங்கிகள் ஒட்டில்தான் முதலில் சாகின்றன. ஒட்டும்போது ஆர்கன் வாயுவால் வெளிப்புறம் மட்டுமல்ல, உட்புறமும் காற்றுப் படாமல் காக்கப்பட வேண்டும். ஒட்டிய இடத்தில் நீலமும் பழுப்புமாக நிறம் படிந்திருந்தால் அங்கே குரோமியப் படலம் கெட்டிருக்கிறது. அமிலப் பசை தடவி அதை நீக்கி, நன்றாகக் கழுவ வேண்டும். அந்தப் பசையில் ஐதரோபுளோரிக் அமிலம் இருக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் தொட விடாதீர்கள். அதே மேசையில் காலையில் இரும்புக் கேற் செய்துவிட்டு மாலையில் உங்கள் தாங்கியைத் தேய்த்தால், இரும்புத் தூள் ஒட்டி அந்தப் புள்ளிகளில் துரு தொடங்கும். தேய்க்கும் தட்டும் தூரிகையும் ஸ்ரெயின்லெஸுக்கென்று தனியாக இருக்க வேண்டும். ஒழுக்குப் பார்க்கத் தண்ணீர் நிரப்புவார்கள். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, "அடுத்த மாதம் வந்து எடுக்கிறோம்" என்று விட்டுப் போனால், அந்தத் தேங்கிய நீரிலேயே, கிருமிகளின் உதவியோடு, குழி விழத் தொடங்கிவிடும். பார்த்த அன்றே வடித்து உலர்த்த வேண்டும். அடி ஒரு பக்கம் சரிந்து முழுவதும் வடியும்படி இருக்க வேண்டும்.

கழுவுவதற்குக் குளோரின் தூள் கரைத்து இரவு முழுக்க ஊறவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஸ்ரெயின்லெஸ் தாங்கிக்கு அது நஞ்சு. கழுவி முடியாத குளோரினோடு வினாகிரி கலந்தால் கிளம்பும் குளோரின் வாயு உங்களுக்கும் நஞ்சு. மூடிய தாங்கிக்குள் ஆள் இறங்கியிருந்தால் உயிரே போகலாம். இளஞ்சூடான ஐதான கோஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, சித்திரிக் அமிலக் கரைசலால் முடியுங்கள். பொலித்தீன் தாங்கிக்கு மென்மையான தூரிகை போதும்.

பட்டறை தரும் தகடு உண்மையில் 316எல் தானா என்று எப்படி அறிவது? காந்தம் உதவாது. 304 ம் 316 ம் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டா; நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிய மலிவான 201 வகையும் பெரும்பாலும் ஒட்டாது. உருக்காலையின் சான்றிதழைக் கேளுங்கள், அதிலுள்ள வார்ப்பு இலக்கம் தகட்டில் அச்சிட்டிருப்பதோடு பொருந்த வேண்டும். மொலிப்டினம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு துளி இரசாயனமும் சிறு பற்றரியும் கொண்ட சோதனைப் பெட்டி கிடைக்கும். சந்தேகம் பெரிதானால் ஒரு துண்டைக் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு அனுப்பலாம்.

கடைசியாக முற்பணம். அதைக் கொடுப்பதற்கு முன் பட்டறைக்காரரிடம் 304 இலும் 316எல் இலும் உள்ளங்கை அளவு துண்டுகள் சிலவற்றைக் கேளுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் அவருடைய கையால் ஓர் ஒட்டு இருக்கட்டும். நைலோன் நூலில் கட்டி, உங்களிடம் இருக்கும் நீலப் பரல்களிலேயே, வினாகிரியிலும் காப்புப்பொருள் சேர்த்த நெல்லி ரசத்திலும், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கவிட்டு மூடுங்கள். அந்தப் பரல்களின் சரக்கை விற்காதீர்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துக் கழுவி, ஒட்டின் ஓரத்தையும் நீர்மட்டக் கோட்டையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். புள்ளி விழுந்திருந்தால் அந்தத் தகடு வேண்டாம். தேசிக்காய்த் தாங்கியை இதற்காகக் காத்திருக்காமல் இப்போதே பொலித்தீனில் வாங்கலாம். மற்ற இரண்டுக்கும் கட்டளை எழுதும்போது தகட்டின் வகை, சான்றிதழ், உட்புற ஆர்கன், அமிலப் பசை, பித்தளையற்ற வால்வு, அமிலத்தைத் தாங்கும் ஈ.பீ.டீ.எம். வகை இறப்பர் வளையம், பார்த்த அன்றே உலர்த்தல் ஆகிய ஏழையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் கீழே அவர் கையொப்பமிட்ட பிறகு முற்பணத்தைக் கொடுங்கள்.